மண்டகப்பட்டின் மூன்று அறைகள்: சகிப்பு என்னும் சொல்லாடல் பற்றி

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கிற மண்டகப்பட்டுக் குடைவரையைப் பற்றி வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்லும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் விசித்திரசித்தன் என்னும் அரசன் இதைச் செய்வித்தான் என்பது ஒன்று. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர் அது. பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் ஒரே பாறையில் இடம் கொடுத்தான் என்பது இன்னொன்று. முதல் செய்தி கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கு. இரண்டாவது மேடையில் பேசுகிறவர்களுக்கு. அன்றைக்கே இந்த மண்ணில் எவ்வளவு சகிப்புத்தன்மை, பாருங்கள் என்று சொல்ல வாகான சான்று.

சரி, அந்தச் சான்றையே ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போம். மூன்று தெய்வங்களுக்கும் மூன்று அறைகள். அறைகளுக்கு நடுவே பாறைச் சுவர். ஒருவர் இடத்தில் இன்னொருவர் கால் வைக்க வேண்டியதில்லை. இடத்தைப் பங்கிட்டவன் அரசன். கல்வெட்டு பயன்படுத்தாத பொருள்கள் நான்கைச் சொல்கிறது, தெய்வங்கள் மூன்றைச் சொல்கிறது, மனிதன் ஒருவனை மட்டும் சொல்கிறது. உளி பிடித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சமணமும் பௌத்தமும் உயிரோடு இருந்த காலம் அது. செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் இருக்கிறது. மூவர் கோயிலில் அருகனையோ புத்தனையோ ஏன் வைக்கவில்லை என்று மகேந்திரனோடு சண்டைக்குப் போவது அபத்தம். நம் கேள்வி அவனிடம் இல்லை. மூன்று அறை ஒதுக்கீட்டை எல்லோருக்குமான இடமாக வாசிக்கிற நம் வாசிப்பின் மேல்தான்.

அதே அரசன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சியில் நடக்கிற எள்ளல் நாடகம். காபாலிகன் ஒருவனுடைய கபாலம் காணாமல் போகிறது. பௌத்தத் துறவி எடுத்துவிட்டார் என்று அவன் பழி போடுகிறான். பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் அது ஒரு நாயிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் கைக்கு வந்திருந்தது தெரிகிறது. நல்ல நாடகம், மறுப்பில்லை. எல்லா மதத்தாரையும் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த திறந்த மனம் என்று பாராட்டுவார்கள். ஆனால் சிரிப்புக்கு ஆளாகிறவர்கள் எல்லாம் ஓடேந்தித் திரிகிறவர்கள். அரசன் ஒரு பாத்திரமாக உள்ளே வருவதில்லை. சிரிக்கிறவனும் சகிக்கிறவனும் உட்காரும் ஆசனம் ஒன்றுதான்; அது கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது.

சொல்லையே எடுத்துக்கொள்வோம். நாற்றத்தைச் சகிக்கிறோம், வலியைச் சகிக்கிறோம். பிடிக்காததைப் பார்த்தால் 'சகிக்கல' என்கிறோம். இந்தச் சொல்லை ஒரு மனிதர் மேல் வைக்கும்போது, அவர் இருப்பே ஒரு தொந்தரவு என்பது சொல்லாமலே உள்ளே வந்துவிடுகிறது. குறளின் பொறையுடைமை அதிகாரத்தில் பொறுத்துக்கொள்கிற நிலம், தோண்டப்படுகிற நிலம். அதாவது அடிபடுகிறவருடைய குணம் பொறுமை. நவீனச் சொல்லாடல் இதைத் தலைகீழாக்கிவிட்டது. தோண்டுகிறவன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, நான் எவ்வளவு பொறுமைசாலி என்கிறான்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர்கள் மண்டகப்பட்டு இருக்கிற அதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதிக்கு வரட்டும். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். நடுவில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். சபையில் மானபங்கப்பட்டு நியாயம் கேட்ட பெண் அங்கே தெய்வம் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

இங்கே 'சாதி இந்துக்களிடம் சகிப்புத்தன்மை வளர வேண்டும்' என்று எழுதுகிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வாக்கியமே கோயிலை ஒரு தரப்பின் கையில் கொடுத்துவிடுகிறது. உள்ளே போனவர்கள் யாருடைய பெருந்தன்மையையும் கேட்கவில்லை. தங்கள் உரிமையைக் கேட்டார்கள். சாவி யாருடையது என்பதுதான் வழக்கு.

முற்போக்காளர்கள் இதற்கு விலக்கா? 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல், சாதி ஒழிப்புக்காகவே நடந்த அமைப்பு, அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டிப் படித்தவர்கள் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே நின்றுபோனது. 'சாதி ஒழிப்பு' என்று இன்று நாம் படிப்பது, நிகழ்த்தப்படாமல் அவர் தன் செலவில் அச்சிட்ட அந்த உரைதான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவரை ஏற்றுக்கொண்டார்கள், அவர் சொன்னது தங்கள் வேதத்தின் அடியில் கை வைத்தபோது ஏற்பு முடிந்துபோனது. பிறரை ஏற்பது என்றால் அவரால் நாம் மாறிப்போகச் சம்மதிப்பது. அந்தச் சம்மதம் இல்லாத வரவேற்பு, வாசற்படியோடு நின்றுவிடுகிற வரவேற்பு.

இப்போது நம்ம பத்திரிகைகளுக்கு வருவோம். 90களில் தலித் இலக்கியச் சிறப்பிதழ்கள் வந்தது அவசியமான உடைப்பு; அது இல்லாமல் இன்றைய தமிழ் எழுத்தே இல்லை. ஆனால் முப்பது வருஷம் கழித்தும் சிறப்பிதழ், தனி அமர்வு, தொகுப்பில் தனிப் பகுதி என்றே ஓட்டிக்கொண்டிருந்தால், நாமும் மண்டகப்பட்டில்தான் இருக்கிறோம். தலித்துக்கு ஓர் அறை, பெண்ணுக்கு ஓர் அறை, திருநங்கைக்கு ஓர் அறை, நடுவில் சுவர். இலக்கியம் என்றால் என்ன, நல்ல கவிதை எது என்று தீர்மானிக்கிற கூடம் மட்டும் பழையவர்கள் வசம். ஒரு தலித் விமர்சகரிடம் தலித் நாவலுக்கு மட்டும் மதிப்புரை கேட்கிறோம்; சங்கப் பாடல் பற்றியோ மௌனி பற்றியோ கேட்பது அபூர்வம்.

ஆகவே சகிப்புத்தன்மை பற்றித் தலையங்கம் எழுதுமுன் ஒன்றைச் செய்து பார்க்கலாம். சிறப்பிதழுக்கு எழுதித் தந்தவர்கள், சரி, இனி எந்தக் கட்டுரை வரலாம், எது வரக்கூடாது என்பதை நாங்களும் சேர்ந்து முடிவு செய்கிறோம் என்று ஆசிரியர் குழுவில் வந்து உட்கார்ந்தால், நமக்கு என்ன ஆகிறது என்று கவனிக்கலாம்.