ஊறுகாய் ஜாடியும் அரசுக் கருவூலமும்

உக்ரைன் வீடுகளில் வெள்ளரிக்காயை உப்புநீரில் ஊறப்போட்டுப் பனிக்காலத்துக்குச் சேமித்து வைக்கும் கண்ணாடி ஜாடிக்கு ‘பாங்கா’ என்று பெயர். இன்று அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்துவிட்டது. மோனோபாங்க் என்ற கைபேசி வங்கி, எவரும் ஒரு நோக்கத்தைச் சொல்லிப் பணம் திரட்டுவதற்கான கணக்குக்கு அந்தப் பெயரையே வைத்தது. திரையில் ஒரு ஜாடி தெரியும். காசு விழ விழ அது நிரம்பும். நம் ஊர் உண்டியல் போலத்தான். ஆனால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் போடுகிறவரும் பார்க்கலாம்.

இந்த ஜாடிகளில் விழும் சில்லறையில்தான் போர்முனைக்கு ட்ரோன் போகிறது, பழைய பிக்கப் வண்டி போகிறது, இரவில் பார்க்கும் கருவியும் அடிபட்ட கால்களில் ரத்தத்தை நிறுத்தக் கட்டும் பட்டையும் போகின்றன. அரசும் வரவு செலவுத் திட்டமும் நேச நாடுகளின் ஆயுத உதவியும் உள்ள ஒரு நாட்டில், படைவீரனுக்கு வேண்டியதை ஏன் ஓய்வூதியப் பாட்டி வாங்கித் தர வேண்டியிருக்கிறது? இதைத் தியாகம் என்று புகழ்ந்து நிறுத்திவிடுவதும் எளிது, அரசின் தோல்வி என்று தள்ளிவிடுவதும் எளிது. இரண்டுமே முழு உண்மை அல்ல.

வெறுங்கையில் தொடங்கியது

2014 மார்ச்சில் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அன்றைய பொறுப்புப் பாதுகாப்பு அமைச்சர் இஹோர் தென்யுக் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார். தரைப்படையில் 41,000 பேர். அவர்களில் உடனே போருக்கு அனுப்பக்கூடியவர்கள் 6,000 பேர்தான். அடுத்து நாட்டின் கிழக்கே டொன்பாஸ் பகுதியில் சண்டை மூண்டபோது வீரர்களுக்குச் சரியான காலணிகூட இல்லை. அதற்குச் சற்று முன்பு ஆட்சியை எதிர்த்துக் கீவ் நகரில் நடந்த மைதான் கிளர்ச்சியில் சமையற்கூடமும் மருத்துவ முகாமும் நடத்திப் பழகிய மக்கள், அதே அடுப்போடும் அதே கட்டுத்துணியோடும் படையின் பக்கம் திரும்பினார்கள். கணினித் துறையைச் சேர்ந்த விதாலி தெய்னெகா தொடங்கிய ‘உயிரோடு திரும்பி வா’ அறக்கட்டளை அந்த ஆண்டில் பிறந்ததுதான். தொடக்கத்தில் வாங்கிக் கொடுத்த குண்டு துளைக்காத அங்கிகளில் எழுதிய வாசகமே அமைப்பின் பெயராயிற்று. யானா சின்கேவிச் தொடங்கிய ‘ஹாஸ்பிடலர்ஸ்’ தன்னார்வ மருத்துவப் படையும் அதே ஆண்டினது.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழு அளவில் படையெடுத்த நாளிலேயே உக்ரைன் தேசிய வங்கி படைக்கு நன்கொடை பெறத் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டு மே மாதம் அதிபர் ஸெலென்ஸ்கி ‘யுனைடெட் 24’ என்ற நிதித்தளத்தைத் தொடங்கிவைத்தார். மக்கள் தாங்களாகக் கண்டுபிடித்த வழியில் அரசும் வந்து சேர்ந்துகொண்டது.

எது இதன் பலம்?

முதல் பலம் வேகம். அரசுக் கொள்முதல் என்றால் தேவைப்பட்டியல், ஒப்பந்தப்புள்ளி, தரச்சோதனை, கிடங்கு, பங்கீடு எனப் பல படிகள். தன்னார்வலரின் வழி குறுகியது. பதுங்குகுழியிலிருந்து கைபேசியில் ஒரு செய்தி, ஒரு ஜாடி, ஒரு கடை, பிறகு நோவா போஷ்டா என்ற தனியார் கூரியரில் ஒரு பெட்டி. போர்முனைக்கு அருகிலுள்ள நகரக் கிளையில் வீரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகிறார். கேட்டவரும் கொடுத்தவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் தவறான அளவில் காலணி வந்தால் மறுநாளே தெரிந்துவிடும்.

இரண்டாவது பலம், கண்டுபிடிப்பு. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் மாவிக் வகைச் சிறு ட்ரோனைப் படைகளின் தளவாடப் பட்டியல்களில் முன்பு அரிதாகவே காணலாம். எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்று பார்க்க அதுவே போதும் என்று காட்டியவர்கள் வீரர்களும் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த தன்னார்வலர்களும்தான். பீரங்கிப் படையினர் டேப்லெட்டில் பயன்படுத்தும் ‘க்ரோபிவா’ மென்பொருள் (காஞ்சொறிச் செடியின் பெயர்) ஆர்மி எஸ்ஓஎஸ் என்ற தன்னார்வக் குழுவின் ஆக்கம். 2014-ல் உருவான ஏரோரோஸ்வித்கா குழுவின் உழைப்பில் வளர்ந்த ‘டெல்டா’ போர்க்கள வரைபட அமைப்பை 2023-ல் அரசு முறைப்படி ஏற்றுக்கொண்டது. 2024-ல் ஆளில்லா ஊர்திகளுக்கென்றே படையில் தனிப் பிரிவு வந்தது. மேலிருந்து வரும் உத்தரவுக்குக் காத்திருந்திருந்தால் இவற்றில் பாதிகூட நேரத்துக்கு வந்திருக்காது.

மூன்றாவது பலத்தைக் கணக்கில் அடக்க முடியாது. பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் பெண்கள் கூடி, கிழித்த துணிப்பட்டைகளை வலையில் முடிந்து, வண்டிகளை மறைக்கும் உருமறைப்பு வலை பின்னுகிறார்கள். பனிக்காலத்துக்கு வெள்ளை, வசந்தத்துக்குப் பச்சை, இலையுதிர் காலத்துக்குப் பழுப்பு. காலி டின்னில் அட்டையைச் சுருட்டி வைத்து மெழுகை உருக்கி ஊற்றினால் பதுங்குகுழியில் குளிர்காயவும் தேநீர் சுடவைக்கவும் ஒரு விளக்கு தயார். காய்கறியை உலர்த்திப் பொட்டலம் கட்டினால் வெந்நீர் ஊற்றியதும் போர்ஷ் சூப். துப்பாக்கி தூக்க முடியாதவர்களுக்கு இது கைவேலை மட்டுமல்ல. செய்திகளைப் பார்த்துக் கைபிசைந்து உட்கார்ந்திருப்பதிலிருந்து விடுதலை. உலக நாடுகளின் கொடை மனத்தை அளக்கும் 2023-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் உக்ரைனுக்குக் கிடைத்தது.

மக்கள் பைரக்தார் சொல்லும் பாடம்

இந்த முறையின் நிறையும் குறையும் ஒரே இடத்தில் தெரிவது 2022 ஜூன் நிகழ்வில். நகைச்சுவை நடிகரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான செர்ஹி பிரித்துலா, துருக்கியின் பைரக்தார் ட்ரோன் மூன்றை மக்கள் பணத்தில் வாங்கலாம் என்று அழைத்தார். இலக்கு 50 கோடி ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்). மூன்றே நாளில் 60 கோடி சேர்ந்தது. தயாரிப்பு நிறுவனமான பைகார், மக்கள் சில்லறைக்கு ஆயுதம் விற்க மாட்டோம் என்று மூன்று ட்ரோன்களையும் இலவசமாகத் தந்துவிட்டது. சேர்ந்த பணத்தில், ஃபின்லாந்தின் ஐசை நிறுவனத்துடைய ராடார் செயற்கைக்கோளின் சேவையைப் பிரித்துலா அறக்கட்டளை படைக்கு வாங்கித் தந்தது. மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் படம் எடுக்கும் செயற்கைக்கோள் அது.

நல்ல முடிவு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் இரண்டு உறுத்தல்கள். ட்ரோனுக்கென்று கொடுத்த லட்சக்கணக்கானவர்களின் பணம் எங்கே போக வேண்டும் என்பதை ஓர் அறக்கட்டளையும் பாதுகாப்பு அமைச்சகமும் பேசித் தீர்மானித்தன. தேர்வு சரியாக அமைந்தது. சரியாக அமைந்தே தீரும் என்று கட்டாயம் இல்லை. அடுத்தது, மக்கள் பைரக்தாருக்குக் கொட்டிக் கொடுத்தது அதைப் பற்றிப் பாட்டே வந்திருந்த நேரம். ரஷ்ய வான்காப்பு சுதாரித்துக்கொண்டதும் அந்த ட்ரோனின் புகழ் மங்கியது. கூட்டத்தின் பை, பாட்டில் வரும் ஆயுதத்துக்குத் திறப்பதுபோல் டயருக்கும் டீசலுக்கும் திறக்காது. ஆனால் போர் ஓடுவது டயரிலும் டீசலிலும்தான்.

புகழ் உள்ள இடத்தில் மழை

இங்கேதான் முதல் பெரிய குறை. ஜாடி நிரம்புவது தேவையைப் பொறுத்தல்ல, கேட்கிறவரின் முகத்தைப் பொறுத்து. பெயர் பெற்ற படைப்பிரிவுக்கு நல்ல வீடியோ எடுக்கும் ஆள் இருக்கிறார், லட்சம் பேர் பின்தொடரும் பக்கம் இருக்கிறது. ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து கட்டாய ஆள்சேர்ப்பில் வந்த காலாட்படைக் குழுவுக்குத் தெரிந்தவர்கள் பட்டியல் என்றால் மனைவியும் மைத்துனனும் பழைய தொழிற்சாலை நண்பர்களும்தான். இருவரும் ஒரே குண்டுமழையில் நிற்கிறார்கள். அந்தச் சிற்றூர்க்காரர்கள் கடைசியில் தங்கள் சம்பளத்திலிருந்தே வண்டியைப் பழுதுபார்க்கிறார்கள். பங்கீடு என்பதே அரசின் அடிப்படைத் தொழில். நட்பையும் புகழையும் வைத்துப் பங்கிடும்போது உயிருக்கும் அதே தராசு வந்துவிடுகிறது.

இரண்டாவது, சில்லறைக் கொள்முதலின் கேடு. நூறு குழுக்கள் ஒரே சீனச் சந்தையில் ஒரே ட்ரோனைத் தனித்தனியே பேரம் பேசினால் விற்பவனுக்குத்தான் கொண்டாட்டம். பிரிட்டனிலிருந்து மலிவாக வருகிற பழைய பிக்கப் வண்டிகளுக்கு நம் ஊர் வண்டிபோல் வலப்பக்கம் ஸ்டியரிங். உக்ரைனில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஒரே பிரிவில் ஐந்து கம்பெனி வண்டிகள் இருந்தால் ஐந்து வகை உதிரிபாகம் தேட வேண்டும். கொடுத்தவர் வண்டியின் படத்தைப் பார்த்து மகிழ்கிறார். அதன் கியர்பாக்ஸ் உடையும் நாளில் அவர் அங்கே இல்லை.

மூன்றாவது, கணக்கு. பெரிய அறக்கட்டளைகள் வரவையும் செலவையும் இணையத்தில் திறந்து வைக்கின்றன. யுனைடெட் 24-இன் கணக்கை டெலாய்ட் நிறுவனம் தணிக்கை செய்தது. ஆனால் தனிமனிதர் ஒருவரின் வங்கி அட்டை எண்ணுக்குப் போகும் பணத்துக்கு ரசீதின் ஒரு படமும் வீரர்கள் நன்றி சொல்லும் ஒரு வீடியோவுமே கணக்கு. பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்பதுதான் ஏமாற்றுபவனுக்குத் தோதான மறைவு. மனிதநேய உதவிப் பொருளை விற்றுக் காசு பார்ப்பதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவு 2022 மார்ச்சிலேயே குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. படையெடுப்பு தொடங்கி ஒரே மாதத்தில் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

நான்காவது குறை மனத்தைச் சேர்ந்தது. பரிசுக் குலுக்கல், ஏவப்போகும் குண்டின்மேல் காசு கொடுத்தவர் விரும்பும் வாசகம் என்று திரட்டலுக்குப் புதுப்புது உத்திகள் வேண்டியிருக்கின்றன. அலுத்துப்போன மக்களின் கவனத்தை இழுக்கச் செய்வது என்பது புரிகிறது. ஆனால் கொலைக்கருவி விளையாட்டுப் பொருளாகும்போது கொடுப்பதன் கனம் குறைந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், ஊதியமில்லாமல் ஆண்டுக்கணக்கில் வலை பின்னும் பெண்களின் முதுகுவலி எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

அரசுக்குக் கிடைத்த சாக்கு

தன்னார்வம் அரசைச் சோம்பேறியாக்குகிறதா என்பதுதான் கடைசிக் கேள்வி. 2023 ஜனவரியில், படைவீரர் உணவுக்கான ஒப்பந்தத்தில் ஒரு முட்டைக்கு 17 ஹ்ரிவ்னியா என்று விலை போட்டிருப்பதைப் பத்திரிகை வெளிப்படுத்தியது. கடையில் அதன் விலை பாதிக்கும் குறைவு. துணை அமைச்சர் பதவி விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவும் மாற்றப்பட்டார். பாட்டி ஜாடியில் போட்ட பத்து ஹ்ரிவ்னியாவுக்கும் அந்த முட்டைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கொடுத்த கைக்குத்தான் கேள்வி கேட்கும் வாயும் வருகிறது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கீவ் மாநகராட்சியின் முன்னால் மக்கள் கூடி, நடைபாதைக்குக் கல் பதிக்கும் பணத்தைப் படைக்குக் கொடு என்று முழங்கினார்கள். அந்தக் கோரிக்கையின் திசையிலேயே, வீரர்களின் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி 2023 அக்டோபர் முதல் உள்ளாட்சிகளிடமிருந்து மைய அரசின் கணக்குக்கு மாற்றப்பட்டது.

அளவைப் பாருங்கள். 2024-இல் உக்ரைன் தன் பாதுகாப்புக்கென ஒதுக்கியது ஏறத்தாழ 1.69 லட்சம் கோடி ஹ்ரிவ்னியா. பைரக்தாருக்காக ஒரு நாடே மூன்று நாள் மூச்சுப் பிடித்துத் திரட்டிய 60 கோடி, அந்தச் செலவில் மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும். ஆகவே ஜாடி ஒருபோதும் கருவூலம் ஆகாது. கருவூலம் விட்ட ஓட்டைகளை அடைப்பதும், எங்கே ஓட்டை என்று விரல் நீட்டிக் காட்டுவதுமே அதன் வேலை. 2014 இலையுதிர் காலத்தில் தன்னார்வலர்கள் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்து சீருடையையும் கொள்முதலையும் திருத்த முயன்றதை அங்கே ‘தன்னார்வலர் தரையிறக்கம்’ என்பார்கள். நன்கொடை திரட்டியதைவிட அந்த முயற்சிக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். 2024 டிசம்பர் முதல் மக்களின் வருமானத்தில் பிடிக்கும் ராணுவ வரி 1.5 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்ந்தபோது பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் வரிப் பணம், எந்தப் பிரிவின் வீடியோ நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்துப் போவதில்லை.

எனவே இந்தப் பழக்கத்தை அளக்க, எவ்வளவு திரட்டினார்கள் என்ற கணக்கு போதாது. காலணியும் தலைக்கவசமும் ட்ரோனும் ஒவ்வொன்றாக ஜாடியை விட்டு அரசின் பட்டியலுக்குப் போயிருந்தால் அது வெற்றி. பத்தாண்டு கழித்தும் அதே டயருக்கு அதே ஜாடி திறக்கிறது என்றால், ஜாடி நிறைந்தாலும் அது தோல்வி. படைக்கு நிதி திரட்டும் எந்த அமைப்பின் அறிக்கையைப் படித்தாலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இனி நாங்கள் வாங்க வேண்டியதில்லை என்று அவர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்ட பொருள்கள் எத்தனை?