செவ்வன் இறையும் வாய்வாளாமையும்: இணைய விடைக்கருவிகள் பற்றிய ஒரு திறனாய்வு

வினாவிற்கு விடை கூறுதல் எளிய செயல்போலத் தோன்றினும் நம் இலக்கண ஆசிரியர்கள் அதனை எளிதாகக் கருதினார் அல்லர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், செப்பினையும் வினாவினையும் வழுவாமற் காத்தல் வேண்டும் என விதித்தார். உரையாசிரியர்கள் செப்பினைச் செவ்வன் இறை என்றும் இறை பயப்பது என்றும் இருவகைப்படுத்தினர். பவணந்தி முனிவர் விடையை எட்டாக விரித்தார். அவற்றுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவிற்கு நேரே விடையாவன; ஏனைய ஐந்தும் குறிப்பால் விடை பயப்பன. இன்று இணையத்தில் வழங்கும் விடைக்கருவிகள் செவ்வன் இறை ஒன்றனையே தம் சிறப்பாகக் கொண்டுள்ளன. வினவிய அளவிலே விடை கிடைக்கின்றது; நூலைத் தேடலும் பக்கத்தைப் புரட்டலும் வேண்டா. ஆராய்ச்சி மாணவர் கையில் இக்கருவிகள் புகுந்துவிட்ட இந்நாளில், இவை தரும் விடையினையும் ஒரு பனுவலாகவே கொண்டு மதிப்பிடுதல் தமிழ்த் துறையார் கடன் எனக் கருதுகின்றோம்.

முதற்கண் இவற்றின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘ஸ்டார்ட்’ என்னும் வினாவிடை அமைப்பு 1993ஆம் ஆண்டில் இணையத்திற்கு வந்தது. உல்ஃப்ரம் ஆல்ஃபா 2009இலும், கூகுள் நிறுவனத்தின் அறிவு வரைபடம் 2012இலும், சாட்ஜிபிடி 2022 நவம்பரிலும் வெளிவந்தன. 2024ஆம் ஆண்டு முதல், கூகுள் தேடலின் முகப்பிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கமும் இடம் பெறலாயிற்று. இவை இயங்கும் முறை மூவகைப்படும். பொருள், அதன் பண்பு, அப்பண்பின் மதிப்பு என அட்டவணைப்படுத்தி வைத்து எடுத்துத் தருவது ஒன்று. ஏதேனும் ஒரு பக்கத்தினின்று பொருத்தமான தொடரைப் பிரித்து மேலே வைப்பது மற்றொன்று. பெருந்தொகையான உரைகளிற் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் இஃது எனக் கணித்து விடையைத் தொடுப்பது மூன்றாவது. முறைகள் வேறாயினும் மூன்றும் நாடுவது ஒன்றே: ஒரு வினாவிற்கு ஒரு விடை.

இவ்விடைகளை அளத்தற்குரிய கோல் நம் இலக்கியத்திலேயே உளது. மணிமேகலையின் இறுதிக் காதையில் அறவண அடிகள் விடையின் வகை நான்கெனக் கூறுகின்றார். அவை துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன. ஐயமின்றி ஒன்றனை உரைப்பது முதலாவது. வினாவினுள் அடங்கிய பொருளைப் பகுத்துக் கூறுவது இரண்டாவது. வினவியோனை எதிர் வினாவித் தெளிவிப்பது மூன்றாவது. வினாவே பொருந்தாதவிடத்து வாய் திறவாதிருப்பது நான்காவது. பௌத்த அளவையியல் சார்ந்த இப்பகுப்பு எல்லாத் துறைக்கும் ஏற்கும் பொதுமை உடையது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு இந்நான்கினையும் பொருத்திக் காண்போம். கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணம் இதற்குத் தக்க ஊராகும். ஊர் சிறிதாயினும் அது பற்றிய வினாக்கள் எளியன அல்ல.

பூவராகப் பெருமாள் எழுந்தருளிய தலம் யாது, தாயார் திருப்பெயர் யாது என்பன துணிந்து சொல்லத்தக்க வினாக்கள். ஸ்ரீமுஷ்ணம் என்றும் அம்புசவல்லித் தாயார் என்றும் கருவி விடுக்கும் விடை போதுமானதே. இத்தகைய வினாக்களுக்கு இவை பயன்படுதலை யாம் மறுப்பேம் அல்லேம்.

ஆயின், மூலவர் எத்திசை நோக்கி எழுந்தருளியுள்ளார் என்று வினவின், விடையைக் கூறிட்டு மொழிதல் வேண்டும். திருமேனி மேற்கு நோக்கியது. திருமுகமோ தெற்கு நோக்கித் திரும்பியது. அட்டவணையில் ‘திசை’ என்னும் கட்டம் ஒன்றே இருப்பின் இவ்விரண்டனுள் ஒன்று விடுபடும். எஞ்சியது பொய்யன்று, எனினும் அத்தலத்தின் தனித்தன்மை அதனோடு போய்விடும். ஊர் எம்மாவட்டத்தது என்னும் வினாவும் இவ்வாறே பகுத்து விடை கூறற்குரியது. 1993ஆம் ஆண்டிற்கு முற்பட்ட நூல்கள் தென்னார்க்காடு மாவட்டம் என்றே எழுதும். அவ்வாண்டு அம்மாவட்டம் பிரிக்கப்பட்டது. ஊர் இருந்த பகுதி முதலில் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்றும், பின்னர்க் கடலூர் மாவட்டம் என்றும் பெயர் பெற்றது. காலம் சுட்டாத விடை பழைய நூல்களைப் பிழையுடையன போலக் காட்டிவிடும்.

மாசி மக விழாவும் பகுத்துரைத்தற்குரியதே. அவ்விழாவிற் பெருமாள் கடல் நீராட்டின் பொருட்டுச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு எழுந்தருளுகின்றார். அங்கு இசுலாமியப் பெருமக்கள் தர்காவின் சார்பில் வரவேற்பளித்துச் சிறப்புச் செய்கின்றனர். ‘வைணவ விழா’ என்னும் ஒரு சொல் விடை இலக்கணப்படி செவ்வன் இறையே. ஆயினும் இருசாராரும் கூடி நடத்தும் அச்செயலை அது மறைத்துவிடுகின்றது.

இனி, வினாவின் விடுத்தற்கு வருவோம். ‘ஸ்ரீமுஷ்ணம் பட்டியலில் உள்ள வைணவத் தலமா?’ என்று ஒருவர் வினவின், ‘எப்பட்டியலில்?’ என்று எதிர் வினாவுதலே முறை. ஆழ்வார்கள் மங்களாசாசனம் பெற்ற திவ்விய தேசங்கள் 108 என்பது ஒரு தொகை. ஸ்ரீமுஷ்ணம் அதனுள் அடங்காது. பெருமாள் தாமே தோன்றிய தலங்கள் எட்டு என்பது மற்றொரு தொகை. திருவரங்கம், திருவேங்கடம், வானமாமலை, சாளக்கிராமம், நைமிசாரணியம், பதரிகாசிரமம், புட்கரம் என்னும் ஏழனோடு ஸ்ரீமுஷ்ணமும் அதனுள் எண்ணப்படும். இவ்வெட்டனுள் ஆறு தலங்கள் முதற்றொகையிலும் இடம் பெற்றவை. புட்கரமும் ஸ்ரீமுஷ்ணமுமே பெறாதவை. ஆகவே இரு தொகைகளையும் ஒன்றாக மயங்குதற்கு இடன் உண்டு. முன்னதற்கு அளவுகோல் பாசுரம். பின்னதற்கு அளவுகோல் தோற்றம் பற்றிய மரபு. இவ்வேறுபாட்டை அறியாதார்க்கு ‘ஆம்’ என்பதும் ‘அன்று’ என்பதும் ஒருங்கே பிழையாகும்.

பெயர் பற்றியும் எதிர் வினா வேண்டும். இவ்வூர் தமிழில் திருமுட்டம் எனவும் வழங்கும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலங்களுள் ஒன்றாகிய திருமுட்டம் இதுவே. முட்டம் என்னும் பெயருடைய ஊர் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் உண்டு. எனவே முட்டம் பற்றி வினவுவார்க்கு ‘எம்முட்டம்?’ என்னும் வினாவே நல்விடையாம். வினா எதிர் வரின் வினாவும் செப்பாகும் என்பது தொல்காப்பியர்க்கும் உடன்பாடு. 1910ஆம் ஆண்டில் வெளிவந்த அபிதான சிந்தாமணியில், ஒரு பெயருடையார் பலராயின் எண்ணிட்டுப் பிரித்துக் கூறும் முறை உண்டு. நூலைப் புரட்டுவோன் தான் தேடாத பெயருடையாரையும் கண்டு, தன் வினாவைத் தானே திருத்திக் கொண்டான். நேர்விடை மட்டும் பெறுவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

நான்காவதாகிய வாய்வாளாமையே அரியது. தானே தோன்றிய திருமேனி என மரபு போற்றும் மூலவரை நிறுவியவர் யார் என்னும் வினா அம்மரபினுள் பொருந்தா வினாவாகும். சான்று கிட்டாத வினாக்களுக்கும் இவ்வகையை விரித்துக் கொள்ளுதல் தகும். கோயிலை முதன்முதற் கட்டியவர் யார் என்று கேட்பின், நாயக்கர் காலச் சிற்பத் திறம் விளங்கும் மண்டபத் தூண்களைக் காட்டி ஒரு பெயரைக் கூறிவிடுதல் எளிது. தூண் தன் காலத்திற்கே சான்றாகும். கோயிலின் தொடக்கத்திற்குச் சான்றாகாது. சொல்லைத் தொடுத்தலே தொழிலாகிய கருவிக்குச் சொல்லாது விடுதல் இயல்பாக வாய்ப்பதன்று. 2024 மே மாதத்தில் கூகுள் வெளியிட்ட சுருக்கம் ஒன்று, பீட்சாவின் மேல் பாலாடைக்கட்டி ஒட்டுதற்குப் பசை சேர்க்கலாம் என்றது. யாரோ வேடிக்கையாக எழுதியதனைக் கருவி மெய்யுரையாகக் கொண்டமையே அதற்குக் காரணம். சொல்லை அறிந்தது, சொல்லியவன் குறிப்பினை அறிந்திலது.

ஈண்டு ஒரு தடை எழலாம். ‘பகுத்துக் கூறுக, சான்று இல்லையெனில் இல்லையென்க’ என்று ஆணையிடின் இக்காலக் கருவிகள் அவ்வாறும் செய்யுமன்றோ எனின், பலகாற் செய்யும் என்பதே உண்மை. மூலப் பக்கத்திற்கு இணைப்புத் தருவனவும் உள. ஆயினும் நன்னூலார் கூறும் ஆறு வினாக்களுள் அறியா வினாவை வினவுவோன், தன் வினா எங்குக் கிளைக்கும் என்பதனையும் அறியான். தொகை இரண்டு உண்டு என்று அறிந்தவனே இரண்டனையும் கேட்பான். திருமுகம் திரும்பியிருத்தலை அறிந்தவனே திசையைப் பகுத்துக் கேட்பான். ஆகவே நேர்விடை அறிவுடையார்க்கு ஊன்றுகோலாகவும், அறிவைத் தேடி வருவார்க்கு முட்டுக்கட்டையாகவும் அமைகின்றது. இக்கருவிகளின் அடிப்படைக் குறை இதுவே என்பது எம் துணிபு.

இதனால் விளையும் கேடு சிற்றூர்களுக்கே மிகுதி. திருவரங்கம் போன்ற பேரூர் பற்றி எழுதப்பட்டவை பல. ஒன்றன் பிழையை மற்றொன்று திருத்தும். ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊர்களுக்கு அத்துணைச் சான்று இணையத்தில் இல்லை. குறைவிடை ஒன்றனை மாணவர் ஆய்வேட்டில் எழுதுவர், ஆய்வேடு மின்வடிவாகும், அதனையே சான்றாகப் பயின்ற கருவி மீண்டும் அவ்விடையைத் தரும். இங்ஙனம் விடை தனக்குத் தானே சான்றாகி நிலைபெறும்.

ஆதலின் தமிழ்த் துறைகள் மூன்று நெறிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. கருவியின் விடையைத் தேடலின் தொடக்கமாகக் கொள்ளலாம், மேற்கோளாகக் கொள்ளலாகாது. ஊர், தலம் பற்றி எழுதுவோர் ஸ்ரீமுஷ்ணம், திருமுட்டம் என வழங்கும் பெயர்களையெல்லாம் ஆண்டும் மாவட்டமும் சுட்டி ஒருங்கே பதிதல் வேண்டும். கருவிகள் நாளை பயில்வதும் அவற்றினின்றேயாம். வாய்மொழித் தேர்வில், விடை யாது என வினவுவதோடு அமையாது, அவ்வினா நால்வகையுள் எவ்வகை விடைக்கு உரியது எனவும் மாணவரை வினவுதல் வேண்டும். அதற்கு விடை கூற வல்லார் எக்கருவியையும் அச்சமின்றிக் கையாளலாம்.