பனியன் துணியின் நயம்

போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தை எடுத்து, வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சடை பின்னியதுபோல 'வி' வடிவங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டி இறங்கும். துணியை அப்படியே திருப்பினால் 'வி' ஒன்றுகூட இருக்காது. பிறை பிறையான வளைவுகள் குறுக்கே அடுக்கியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நூல்தான். ஒரு கண்ணியின் கால்கள் முன்பக்கம் தெரிகின்றன, தலை பின்பக்கம் தெரிகிறது.

தறித்துணிக்குப் பாவு வேண்டும், ஊடை வேண்டும். பின்னல் துணிக்கு அவை வேண்டாம். முந்தைய வரிசையில் நிற்கிற கண்ணிக்குள் நூல் நுழைந்து வெளியே வருகிறது, அடுத்த வரிசைக்குத் தானே கண்ணியாகக் காத்து நிற்கிறது. எங்கும் முடிச்சு கிடையாது, பசை கிடையாது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதால் மட்டுமே அது துணி. தினமும் உடம்பில் ஒட்டிக் கிடக்கிற இந்தத் துணியின் வேலைப்பாட்டை யாரும் பட்டுச்சேலையைப் பார்ப்பதுபோல விரித்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிற பெண்கள் சேர்ந்த குழு எங்களுடையது. நைட்டி, இன்ஸ்கர்ட், சுடிதார், பிளவுஸ் என்று ஓடிக்கொண்டிருந்த வேலையில் பிள்ளைகளுக்கான டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் வந்து சேர்ந்துகொண்டன. பனியன் துணியைத் தைக்க வேண்டுமென்றால் அது பிறக்கிற ஊரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று, திருப்பூரில் நூல் கண்காட்சி நடக்கும் நாளாகப் பார்த்து வேன் பேசினோம். ராத்திரி திண்டிவனத்தில் கிளம்பி, விழுப்புரத்தில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு, உளுந்தூர்பேட்டை, சின்னசேலம், ஆத்தூர், சேலம் என்று போய், பெருந்துறைக்கு அந்தப் பக்கம் விடிந்தது. புளிசாதத் தூக்கை வேனிலேயே விட்டுவிட்டு இறங்கினோம்.

நூல் கண்காட்சியில் முதலில் கண்ணில் படுவது கோன்கள்தான். ஒவ்வொரு ஸ்பின்னிங் மில்லும் தன் நூலைக் கூம்பு கூம்பாக அடுக்கி வைத்திருக்கும். தூரத்திலிருந்து எல்லாம் ஒரே வெள்ளை. பக்கத்தில் போனால் அந்த வெள்ளைகள் வேறு வேறு. கார்டட் நூலின் வெள்ளையில் சற்றுத் தூசு படிந்த தோற்றம் இருக்கும். கோம்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டதால், மேலே பூனைமயிர் இல்லாமல் வெள்ளை தெளிந்து நிற்கும். விரல் நுனியால் கோனை ஒரு தடவு தடவினால் கண்ணுக்கு முன்பே கை கண்டுபிடித்துவிடும். எங்கள் குழுவின் மூத்த அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விரலால் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோன் மேலே 20, 30, 34, 40 என்று நம்பர் ஒட்டியிருக்கும். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றன என்பதே அந்த நம்பர். இதை நம்மூர்க் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் அதன் அழகு விளங்கும். 30-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவை நீட்டினால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திண்டிவனம் ஸ்டேஷனில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் எல்லாம் தாண்டி விழுப்புரம் ஜங்ஷனுக்குச் சுமார் 37 கிலோமீட்டரில் வந்துவிடலாம். நூல் இன்னும் மிச்சம் இருக்கும். 40-ஆம் நம்பரில் அதே ஒரு கிலோ 67 கிலோமீட்டரைத் தாண்டும். 150 கிராம் எடையுள்ள ஒரு சாதாரண டி-ஷர்ட்டுக்குள் 30-ஆம் நம்பர் நூல் ஏழரை கிலோமீட்டருக்கு மேல் சுருண்டு கிடக்கிறது.

ஸ்டாலில் இருந்த தம்பி ஒரு விரற்கடை நூலை எடுத்து இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பிக் காட்டினார். நூல் அவிழ்ந்து பஞ்சாகப் பிரிந்து, இழுக்காமலே இரண்டானது. "தறி நூலுக்கு முறுக்கு இன்னும் ஜாஸ்தியா இருக்குங்க்கா. ஓசைரி நூலு இப்படி எளக்கமா இருந்தாத்தான் வளையுமுங்க" என்றார். முறுக்கு ஏறிய நூல் விறைத்து நிற்கும், கண்ணியாக வளையச் சொன்னால் தன்மேலேயே சுற்றிக்கொள்ளும். முறுக்கு ரொம்பக் குறைந்தால் ஊசி இழுக்கும்போதே அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகிய ஓர் இடத்தில் ஓசைரி நூல் என்கிற பின்னல் நூல் நிற்கிறது. போதாததற்கு, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெழுகு வேறு. கோன் சுற்றும்போதே நூலை ஒரு மெழுகு வில்லையில் உரசி அனுப்புகிறார்கள். அந்த வழுவழுப்பு இருந்தால்தான் ஊசிகளுக்கிடையே நூல் சிக்காமல் ஓடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மெலாஞ்ச் நூல். கடைகளில் அதிகம் விற்கிற சாம்பல் நிற டி-ஷர்ட் எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். அதில் சாம்பல் நிற இழை ஒன்றுகூட இல்லை. சாயம் ஏற்றிய கருப்பு இழையையும் வெள்ளைப் பஞ்சையும் நூற்பதற்கு முன்பே கலந்துவிடுகிறார்கள். கருப்பின் அளவைக் கொஞ்சம் கூட்டினால் மழைமேகச் சாம்பல், குறைத்தால் விடிகாலைச் சாம்பல். ஒரு ஷேட் கார்டில் இப்படிச் சாம்பல் மட்டுமே பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தது. தட்டையாகச் சாயம் முக்கிய சாம்பலில் இந்த ஆழம் வராது. ஒவ்வொரு நூலிலும் கருப்பு ஓர் இடத்தில் கூடி, ஓர் இடத்தில் கரைந்து போவதால் துணி மூச்சுவிடுவதுபோலத் தெரிகிறது.

நூலைப் பார்த்தாயிற்று, அது துணியாவதைப் பார்க்க ஒரு நிட்டிங் யூனிட்டுக்குப் போனோம். மிஷின் ஆபரேட்டர் மயிலத்துப் பக்கத்துப் பிள்ளை. எங்கள் மாவட்டத்திலிருந்து பனியன் வேலைக்குப் போனவர்கள் திருப்பூரில் ஏராளம். "எந்த ஊருக்கா, திண்டிவனமா?" என்று கேட்டுவிட்டு, எங்களுக்காகவே மிஷினை நிறுத்தி ஓர் ஊசியைக் கழற்றிக் கையில் வைத்தார்.

அந்த ஊசியைப் பற்றித்தான் நான் மணிக்கணக்கில் பேசுவேன். தட்டையான எஃகுத் தகடு. உச்சியில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு கொக்கி. கொக்கிக்குக் கீழே, அச்சில் ஆடுகிற ஒரு குட்டி நாக்கு. ஊசி மேலே ஏறும்போது, அதன் கழுத்தில் கிடக்கிற பழைய கண்ணி நாக்கைத் திறந்துகொண்டு கீழே வழுகுகிறது. திறந்த கொக்கியில் புது நூல் வந்து விழுகிறது. ஊசி இறங்கும்போது அதே பழைய கண்ணி, இப்போது கீழிருந்து, நாக்கைத் தள்ளிக் கொக்கியை மூடிவிட்டு, மூடிய கொக்கியின் தலைமேல் ஏறிக் கழன்று போகிறது. உள்ளே புதுக் கண்ணி பத்திரம். நாக்கைத் திறக்கவும் மூடவும் தனியாக ஒரு கருவியும் கிடையாது. வெளியேறப் போகிற கண்ணிதான் வருகிற கண்ணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, போகும்போது சாத்திவிட்டும் போகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் முதல் பின்னல் எந்திரத்தைச் செய்தார். அதில் இந்த நாக்கு கிடையாது, கொக்கியை வெளியிலிருந்து அழுத்தி மூட வேண்டும். நாக்கு ஊசி வர 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

24 அங்குல விட்டமும் 24 கேஜும் (அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி) உள்ள வட்ட மிஷினில் இப்படி 1,800 ஊசிகள் சுற்றி நிற்கும். 72 பீடர் வழியாக 72 கோனிலிருந்து நூல் இறங்கும். ஒரு சுற்றுச் சுற்றினால் 72 வரிசை முடிந்துவிடும். நிமிடத்துக்கு 25 சுற்று என்று வைத்தால் 32 லட்சம் கண்ணி. ஒரு டி-ஷர்ட்டில் இருப்பது சுமார் 27 லட்சம். ஆக, ஒரு சட்டைக்கான துணி ஒரு நிமிடத்துக்குள் பின்னி முடிந்து, குழாயாகக் கீழே இறங்கிச் சுருளில் ஏறிவிடுகிறது. கையால் நிமிடத்துக்கு 30 கண்ணி போடுகிற தேர்ந்த பெண்மணி, நாளெல்லாம் உட்கார்ந்தாலும் ஆறு மாதம் ஆகும். இந்த வேகத்தில் ஓர் ஊசியின் நாக்கு லேசாக வளைந்தால்கூடத் துணியில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய ஒரு கோடு விழும். நீடில் லைன் என்கிறார்கள். ஓடுகிற துணிக்குள் விளக்கு வெளிச்சத்தில் அந்த மயிரிழைக் கோட்டைக் கண்டுபிடித்து, 1,800-இல் எந்த ஊசி என்று விரல் வைத்துச் சொன்னார் அந்தப் பிள்ளை. அந்தக் கண்ணுக்கு என்ன சம்பளம் கொடுத்தாலும் தகும்.

ஆண்கள் போடுகிற வெள்ளைப் பனியனில் பக்கத் தையல் இல்லாததன் காரணமும் அங்கேதான் புரிந்தது. உடம்பின் சுற்றளவுக்கு ஏற்ற விட்டமுள்ள மிஷினிலேயே குழாயாகப் பின்னிவிடுகிறார்கள். விலாவில் உறுத்த ஒன்றும் இல்லாமல் போனது அப்படித்தான். 1925-இல் குலாம் காதர் தொடங்கிய தொழிலிலிருந்துதான் திருப்பூர்ப் பனியன் கதையை ஆரம்பிப்பார்கள். 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்த பிறகு ஏற்றுமதி பெருகியது. ஊருக்கு வந்த பணத்துக்கு நொய்யல் ஆறு விலை கொடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கிற முறை அங்கே வேரூன்றியது. அடர்ந்த கருநீலத்தைப் பார்த்து மயங்குகிறபோது இதையும் நினைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் காதர்பேட்டை. கிலோ கணக்கில் துணி வாங்குகிற இடம். சிங்கிள் ஜெர்சி என்கிற டி-ஷர்ட் துணியில் ஒரு துண்டை வெட்டி மேஜைமேல் போட்டதும் ஓரங்கள் தாமாகச் சுருட்டிக்கொண்டன. "இன்னாடி இது, கை வெக்காமலே சுருளுது?" என்றார் அக்கா. மேல்கீழ் ஓரங்கள் 'வி' தெரிகிற முகப்பக்கம் சுருளும், இடவல ஓரங்கள் பின்பக்கம் சுருளும். வளைத்துப் பிடித்த நூல் நிமிரப் பார்க்கிறது, வெட்டிய இடத்தில் அதைத் தடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். அதே நூலில் ஒரு கண்ணியை முன்னும் அடுத்ததைப் பின்னுமாக மாற்றிப் போட்டால் ரிப். அது சுருளவே சுருளாது. இரண்டு பக்கத்து இழுப்பும் சமமாகிவிடுகிறது. இழுத்தால் அகலத்தில் நன்றாக விரிந்து, விட்டால் பழையபடி வந்து நிற்கும். இரண்டு ரிப்பை ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் இன்டர்லாக், இரண்டு பக்கமும் முகம்தான்.

துவைத்த பிறகு டி-ஷர்ட்டின் பக்கத் தையல் மெதுவாக வயிற்றுப்பக்கம் நகர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டினவர்மேல் பழி விழும். நூலின் முறுக்குதான் காரணம். தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு கண்ணியும் தன் முறுக்கின் திசையில் இம்மி இம்மியாகச் சாய்கிறது. லட்சக்கணக்கான இம்மிகள் சேர்ந்து தையலையே திருப்பிவிடுகின்றன. துணி எடுக்கும்போதே கண்ணி வரிசை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். அன்று ஒவ்வொரு ரோலையும் அப்படிப் பார்த்தே எடுத்தோம்.

பிறகு ஊசி வாங்கினோம், முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி. கூர் ஊசி நூலைக் குத்திக் கிழிக்கும், ஒரு கண்ணி அறுந்தால் இரண்டு துவைப்பில் அது ஓட்டையாக ஓடும். மழுங்கிய முனை நூலை ஒதுக்கிவிட்டுக் கண்ணிகளுக்கு நடுவில் இறங்கும். தோள் தையலுக்குள் வைக்க நாடாவும் எடுத்துக்கொண்டோம். நாடா இல்லாத தோள் நாளடைவில் தொங்கிப்போகும், நல்ல கம்பெனிச் சட்டையை உள்பக்கம் திருப்பினால் அது இருக்கும்.

அதிக நேரம் பிடித்தது கழுத்து ரிப் எடுக்கத்தான். கருநீல பாடித் துணிக்குக் கருநீல ரிப் என்று கடைக்காரர் எடுத்துப் போட்டார். டியூப்லைட்டில் இரண்டும் ஒன்று. தெருவெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் ரிப்பில் ஊதாச்சாயல் ஒரு பொட்டு கூடுதல். "ரெண்டும் ஒரே லாட்டுல சாயம் போட்டதா குடுங்க தம்பி" என்று அக்கா திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்த ரோலில் வித்தியாசம் தெரியவில்லை. கழுத்துச் சுற்றளவு 20 அங்குலம் என்றால் ரிப்பை 17 அங்குலத்துக்கு வெட்டி, இழுத்துக்கொண்டே தைக்க வேண்டும். அந்த மூன்று அங்குலக் குறைவுதான் கழுத்தை விரிய விடாமல் உடம்போடு ஒட்டிப் படிய வைக்கிறது. முன்கழுத்தின் வளைவில் இழுப்பைக் கொஞ்சம் கூட்டி, பின்கழுத்தில் தளர்த்திவிட வேண்டும் என்று கடைக்காரரே மேஜைமேல் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார்.