நிலக்காட்சியும் தசமபாகமும்: கில்பின், கொன்ஸ்ரபிள் பற்றிய ஒரு நோக்கு

ஆங்கில நிலக்காட்சி ஓவியம் பற்றி எழுதுவோர் பலர், அதனைப் பொருளியலும் அரசியலும் தீண்டாத தூய துறையாகவே கொள்வர். மரமும் மேகமும் எவருக்கும் பகையல்லவே என்பது அவர்தம் எண்ணம். ஆயின் அவ்வோவியத்துக்கு இலக்கணம் வகுத்தோரும் அதனை விலைகொடுத்து வாங்கியோரும் யாவரென வினவின், இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார் சிலர் நம்முன் வந்து நிற்பர். குடியானவரின் விளைச்சலிற் பத்திலொரு பங்கைத் தசமபாகமாகப் பெற்ற திருச்சபை, அவர்களிற் பலருக்கு நிலையான வருவாயையும் நீண்ட ஓய்வையும் அளித்தது. கற்றறிந்த குருவானவர் இயற்கையைப் பார்த்த பார்வை இவ்வோய்வின் பார்வை என்பதை மறத்தலாகாது.

வில்லியம் கில்பின் (1724–1804) இதற்குத் தக்க சான்று. சீம் பாடசாலையின் தலைமையாசிரியராயிருந்து, 1777 முதல் நியூ பொறெஸ்ற் பகுதியிலுள்ள போல்டர் என்னும் ஊரிற் குருவாகப் பணியாற்றியவர். 1770இல் வை ஆற்றின் வழியே தாம் மேற்கொண்ட பயணத்தை 1782இல் நூலாக வெளியிட்டார். ஓவியத்தில் அமைந்தாற் பொலியக்கூடிய அழகு எது என்பதே அவர் எங்கும் எழுப்பிய வினா. ரின்டேர்ண் மடாலயத்தின் இடிபாட்டைக் கண்டவர், அதன் முகட்டுச் சுவர்கள் அளவுக்கு மீறி ஒழுங்காயிருப்பதாகக் குறைப்பட்டு, அளவறிந்து கையாளும் ஒரு சம்மட்டி அவற்றைத் திருத்தக்கூடும் என்றார். இதனைப் பலரும் சிரிப்போடு எடுத்துரைப்பதுண்டு. ஆனால் அதே பக்கங்களில், நடக்கவே இயலாத ஓர் ஏழைப் பெண் துறவியரின் நூலகத்தைக் காட்டுவதாகக் கூறி அவரை அழைத்துச் செல்வதும், அங்கு சென்றபின் அது அவள் குடியிருக்கும் ஈரம் கசியும் இடிந்த அறையே எனத் தெரியவருவதும் உள்ளன. கில்பின் அதனை மனமிளகியே எழுதுகிறார். எனினும் அவ்வறையும் அவளும் அவரது அழகியற் கோட்பாட்டுள் எங்கும் இடம்பெறவில்லை. 1786இல் வெளிவந்த ஏரிநாட்டு நூலில் அவர் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறார்: அறநோக்கில் உழைப்பாளியே மேலானவன், ஓவிய நோக்கிலோ சோம்பி நிற்கும் இடையனே அழகியவன். இவர் கல்நெஞ்சரல்லர். தம் சித்திரங்களை விற்ற பணத்தைக் கொண்டு போல்டரில் ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைக்கு நிதி வைத்தவர். அறத்துக்கு ஓர் ஏடு, அழகுக்கு வேறோர் ஏடு எனக் கணக்கைப் பிரித்து வைத்தார் என்பதே என் குறை.

ஜோன் கொன்ஸ்ரபிளின் (1776–1837) வாழ்வில் மதகுருமார் இருவகையாகவும் குறுக்கிடுகின்றனர். அவர் காதலித்த மரியா பிக்னெலின் பாட்டனாரும் ஈஸ்ற் பேர்கோல்ற் ஊர்க் குருவுமான டுராண்ட் றட் என்பார் எதிர்த்தமையால் திருமணம் பல்லாண்டு தடைப்பட்டது. 1816இல் அதனை நடத்திவைத்தவரும் ஒரு குருவே. சலிஸ்பரி அத்தியட்சரின் உறவினரான ஜோன் பிஷர். 1819இல் ‘வெண்குதிரை’யை நூறு கினிக்கு வாங்கி, ஓவியரைத் தளராது தாங்கியவரும் அவரே. அத்தியட்சரின் ஆதரவு அத்துணை எளிதாயிருக்கவில்லை. 1823இல் தீட்டிய பேராலயப் படத்திலிருந்த கருமேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னர் வானம் தெளிந்த மற்றொரு படமும் தீட்டப்பட்டது. வானத்துக்கும் ஒரு புரவலர் உண்டுபோலும்!

கொன்ஸ்ரபிளைக் கிராமத்து உழைப்பின் ஓவியர் என்பது வழக்கு. மதகு, படகு கட்டுமிடம், உழுத வயல் ஆகியவற்றை அவர் வரைந்தமை உண்மையே. ஆயினும் அவர் உழைப்பாளியின் மகனல்லர். பிளற்போர்ட், டெடம் ஆகிய இடங்களில் ஆலை வைத்திருந்த தானிய வணிகரின் மகன். உளுத்த மரத்தூணையும் ஆலை மதகில் வழிந்தோடும் நீரையும் அவர்போற் கண்டவர் இலர். அக்கண், கருவியின் ஒவ்வொரு பலகையையும் அறிந்த உடைமையாளரின் கண். 1821இல் காட்சிக்கு வைத்த ‘வைக்கோல் வண்டி’யில் வண்டியின் சில்லை நாம் தொட்டுவிடலாம். வைக்கோல் வெட்டுவோரோ தொலைவில் வெண்புள்ளிகள். அடுத்த ஆண்டு ஏப்பிரலில் அவர் பிஷருக்கு எழுதிய கடிதம் வேறோர் சபொக்கைக் காட்டுகிறது. அங்கு இரவுதோறும் எங்கேனும் தீ எரிவது தெரிகிறது. ஊர்க் குருவும் நிலக்கிழாரும் ஊரைவிட்டு அகன்றுவிட்டனர். தசமபாகமும் குத்தகையும் குறைக்கப்படவில்லை. இவற்றையெல்லாம் அவர் அறிந்திருந்தார். அறிந்ததை ஒரு குருவானவருக்கே எழுதினார். அத்தீ ஒரு படத்திலும் எரியவில்லை.

ஜோன் பரல் 1980இல் வெளியிட்ட நூல், இவ்வோவியங்களில் ஏழைகள் தொலைவுக்குத் தள்ளப்பட்டதை நுணுக்கமாக எடுத்துக்காட்டியது. அதனை ஏற்கும் நம் மாணவர் சிலர், கொன்ஸ்ரபிள் பொய்யுரைத்தார் எனத் தீர்ப்பெழுதி முடித்துவிடுகின்றனர். அது கில்பினையும் அவரையும் ஒரே தட்டில் வைப்பதாகும். கில்பினின் வழிப்பயணி உழைப்பைக் கண்டு முகந்திருப்புகிறார். கொன்ஸ்ரபிளோ உழைப்பு தொட்ட பொருளை விட்டு நீங்கவே மாட்டாதவர். மறைத்த மனிதரின் கைத்தடத்தை அவர் தூணிலும் மதகிலும் பேணிவைத்தார். பார்ப்போர் வேண்டின் அங்கிருந்து அம்மனிதரை மீட்டெடுக்க இயலும்.

பிஷரின் தூண்டுதலாற் பிறந்து 1831இல் காட்சிக்கு வந்த சலிஸ்பரிப் பேராலயப் படத்தை இவ்வாறு நோக்கலாம். அரசியற் சீர்திருத்தக் கிளர்ச்சியால் திருச்சபை நடுங்கிய காலம் அது. ஓவியரும் சீர்திருத்தத்தை அஞ்சியவரே. புயல் மேகத்தின் கீழ்ப் பேராலயம் நிற்க, வானவில் பிஷரின் இல்லத்தருகே இறங்குகிறது. அடுத்த ஆண்டு பிஷர் இறந்தார்; 1836இல் தசமபாகத்தைப் பணமாக மாற்றும் சட்டம் வந்தது. படத்தின் இடப்புறத்தில், மேகத்தையோ வானவில்லையோ பாராது, குதிரைகள் பூட்டிய வண்டியொன்று ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறது.