பட்டிமண்டபமும் பரபக்கமும்

காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரில் இந்திர விழா 28 நாள் நிகழ்ந்ததென மணிமேகலை கூறும். அவ்விழாவை முரசறைந்து அறிவிப்போன், நகரினை அணிசெய்க என்று கூறுமளவில் அமையாது, சமயப்பொருளை வாதிக்க வல்லார் பட்டிமண்டபத்தின் முறையறிந்து அதன்கண் ஏறுக என்றும், பகைவரொடு நேர்ந்தவிடத்தும் சினமும் பூசலுமின்றி விலகுக என்றும் சாற்றுகின்றான். அம்மண்டபம் மகத வேந்தன் சோழனுக்கு அளித்ததென்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படும். விழாவின் ஆரவாரத்தினிடையே மெய்ப்பொருளாராய்ச்சிக்கு ஓர் இடமும், அவ்விடத்திற்கு ஓர் ஒழுக்கமும் வகுத்தமை சோழநாட்டின் பழம்பெருமையாம். இக்காலத்துப் பட்டிமன்றம் அம்மண்டபத்தின் பெயரைத் தாங்கி நிற்றலின், அதன் பண்பினையும் தாங்குகின்றதா என்பது ஆராயற்பாலது.

காரைக்குடியில் 1939-ஆம் ஆண்டு சா. கணேசன் அவர்களால் நிறுவப்பெற்ற கம்பன் கழகத்தின் விழாக்களில் பட்டிமன்றம் சிறந்து வளர்ந்தது. தருமபுர ஆதீனத்தில் தம்பிரானாயிருந்து பின் குன்றக்குடித் திருமடத்தின் தலைமை ஏற்ற அடிகளார் நடுவராய் அமர்ந்து அதனை ஊர்தோறும் கொண்டுசென்றனர். நூல் பயிலாதாரும் இரவெல்லாம் அமர்ந்து காப்பிய நுட்பங்களைச் செவிமடுக்கும்படி செய்தது அதன் அரும்பயனாகும். அப்பயனை மறுப்பது நன்றியின்மையாம்.

ஆயினும் தொலைக்காட்சியிற் புகுந்தபின் அதன் போக்கு மாறிற்று. தீபாவளியினும் பொங்கலினும் நிகழ்வனவற்றுள், இல்வாழ்வில் இன்பம் மிகுவது ஆடவராலா பெண்டிராலா என்பன போன்ற பொருள்களே பெரிதும் எடுக்கப்படுகின்றன. நகைச்சுவை குற்றமன்று, பொருளின் எளிமையும் குற்றமன்று. குற்றம் அமைப்பின்கண் உள்ளது. பேசுவோர் தாம் தெளிந்ததனைப் பேசாது தமக்குப் பகுக்கப்பட்ட அணியினைப் பேசுகின்றனர். எதிரணியார் கூற்றினைத் திரித்தெடுத்து நகையாடுவது வன்மையெனக் கொள்ளப்படுகின்றது. பொதுமக்களோ, கைதட்டுதலன்றிப் பிறிதொரு செயலும் இலராய்க் கீழே அமர்ந்திருக்கின்றனர்.

தருக்க நூலார் சொற்போரினை வாதம், சல்பம், விதண்டை என மூன்றாக்குவர். உண்மை காண்டற்பொருட்டு நிகழ்வது வாதம். வெற்றியொன்றே கருதி நிகழ்வது சல்பம். தனக்கென ஒரு கொள்கையுமின்றிப் பிறர் கொள்கையைச் சிதைப்பது விதண்டை. இவற்றுள் முதலாவதனுக்குரிய பெயரைச் சூடிப் பின்னிரண்டினையும் பயிற்றும் மன்றம், கேட்போர் அறிவினை வளர்ப்பதாகாது.

வாதம் இன்னவாறு நிகழ்தல் வேண்டும் என்பதற்குச் சித்தாந்த சாத்திரங்களே தக்க சான்றாவன. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார், உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாக 14 மதங்களை எடுத்து, ஒவ்வொன்றனையும் அவ்வம் மதத்தார் கூறுமாறே முதற்கண் கூறி, அதன் பின்னரே மறுதலை வகுத்தனர். உமாபதி சிவாசாரியார் 1313-ஆம் ஆண்டில் அருளிய சங்கற்ப நிராகரணமும் தில்லையின் ஆனித் திருவிழாவொடு இயைந்து எழுந்ததே. புகாரிற்போலத் தில்லையிலும் விழாவும் வாதமும் உடன் நின்றன. பிறன் கொள்கையை அவன் தானே ஒப்புமாறு எடுத்துரைக்க வல்லவனே அதனை மறுத்தற்கு உரியன் என்பது இந்நூல்களின் ஒழுகலாற்றாற் பெறப்படும் விதியாம்.

அற்றேல், பழைய முறையினை அவ்வாறே மீட்டாற் போதுமெனின், போதாது. பட்டிமண்டபம் வாதிகட்கு உரியதாயிருந்தது. ஏனையோர்க்கு அதன் படிகள் எளியனவல்ல. வஞ்சியிற் சமயக்கணக்கரை வினவச் சென்ற மணிமேகலை, இளம்பெண்ணென்று இகழ்ந்து பொருளுரையார் என்பதனால், தவமுனிவன் வடிவு கொண்டே வினவ நேர்ந்தது. உண்மையை வினவுவார் தம் உருவினை மறைத்தல் வேண்டுமாயின், அக்குறை வினவுவாரதன்று, அவையினது.

இக்குறைக்கு மருந்தாவது எழுத்து. ஐரோப்பாவில் கலைக்கழகங்கள் ஒரு வினாவினை வெளியிட்டுக் கட்டுரைக்குப் பரிசளித்த நாளில், எழுதினார் பெயர் தனியே முத்திரையிடப்பட்ட உறையுள் வைக்கப்பட்டது. கடிகாரத் தொழிலாளியின் மகனாகிய ரூசோ, 1750-ஆம் ஆண்டில் டிஜோன் நகரக் கழகத்தின் பரிசினைப் பெற்றுப் புகழெய்தியது இம்முறையினாலேயாம். பெர்லின் கழகத்தின் 1763-ஆம் ஆண்டுப் போட்டியில் மெண்டல்சன் முதலிடமும் காண்ட் இரண்டாமிடமும் பெற்றனர். பின்னாளில் உலகம் காண்டினையே பெருந்தத்துவ ஞானியெனப் போற்றியது. ஆகலின் நடுவர் தீர்ப்பு உண்மைக்கு முடிந்த முடிபன்று. வினா ஊரறிய எழுந்ததே பெரும்பயன் என்க.

சோழநாட்டு உழவர்க்கு அத்தகைய வினா இல்லாமலில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜாப் புயலில், பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரணியப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நல்லார் தோப்பும் அல்லார் தோப்பும் ஒருங்கே வீழ்ந்தன. இது வினைப்பயனாயின் அனைவர் வினையும் ஒரே இரவில் விளைந்தது யாங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையெழுதப் புகும் சைவர், கடல் வெம்மையாற் காற்றழுத்தம் தாழ்ந்து புயல் பிறக்குமாற்றினையும், அதற்கு அப்பால் ஒரு காரணம் வேண்டா என்பார் கூற்றினையும் முதற்கண் குறையின்றி எழுதுதல் வேண்டும். அதன் பின்னரே, ஆதிதைவிகமாய் வரும் துன்பத்தினும் நுகர்வோர்தோறும் அனுபவம் வேறாதலைக் காட்டி வினையினை நிறுவுதல் தகும். மறுப்பாரும் அவ்வாறே சைவர் கோட்பாட்டினை முழுதும் எடுத்தோதிப் பின் மறுத்தல் வேண்டும். சம்பா அறுவடை முடிந்து ஓய்வு வாய்க்கும் மாசித் திங்களில், ஆடவரும் பெண்டிரும் இங்ஙனம் பெயர் மறைத்து எழுதி, எழுதியவற்றுட் சிறந்தன அவையின்கண் வாதிக்கப்படுமாயின், பட்டிமண்டபம் என்னும் பெயர் மீண்டும் பொருளுடையதாகும்.

தோப்பிழந்தான் ஒருவன் வினாவிற்கு முன் நிற்கமாட்டாத சித்தாந்தம் ஏட்டின்கண் இருந்தும் பயனில்லை. அவ்வினாவினை அஞ்சாது ஏற்றலே பரபக்கம் பாடினார் காட்டிய நெறியாம்.