நாலு ஊரில் ஒரே பூட்டு

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு என் புரோகிராம் செத்து விழுந்தது. ஓட ஆரம்பித்து இரண்டே விநாடி. காரைக்கால் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்திருந்தவன் வாய்விட்டுக் கத்திவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்!

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு மாடியிலும் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து நண்பர்கள் வீட்டு மாடியிலும் மழைமானி வைத்திருக்கிறோம். அவை அனுப்பும் அளவுகளை வாங்கிச் சேமிக்க சி மொழியில் ஒரு சின்ன சர்வர் எழுதினேன். திரையில் தலைகாட்டாமல் பின்னணியிலேயே ஓடும் டீமன். பெயர் ‘மழைடி’. ஒரு த்ரெட் அளவுகளை வாங்கி வரிசையில் போடும், நாலு த்ரெட்கள் எடுத்து எழுதும். வெயில் நாளில் பிசகே கிடையாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மட்டும் அளவுகள் காணாமல் போகும்.

வரிசைக்கு இன்னொரு லாக் போட்டு ஒரு பேட்ச் எழுதினேன். லினக்ஸில் மூன்று நாள் ஓடியது. கூட வேலை பார்க்கும் கல்லூரித் தம்பி கேட்டான்: “அண்ணே, மூணு நாளா நிக்காம ஓடுதே, போதாதா?”

“போதாதுடா தம்பி. ஓப்பன்பிஎஸ்டில ஓட்டிப் பாத்துடுவோம்.”

ஓட்டினோம். விழுந்தது. கோர் ஃபைலை டீபக்கரில் திறந்தால் மேலே அபார்ட், அதன் கீழே மியூட்டெக்ஸ் அன்லாக், அதன் கீழே என் ஃபங்ஷன். மூன்றே படி! ஈரக் காற்றில் சிதைந்து வரும் அளவைத் தள்ளிவிடும் இடத்தில், ஏற்கனவே திறந்த பூட்டை இன்னொரு தரம் திறந்திருக்கிறேன். அந்த இடைவெளியில் வேறொரு த்ரெட் அதே பூட்டைப் போட்டிருந்தால், அதன் பூட்டை என் கை திறந்துவிடும். உள்ளே ஒருவர் இருக்கும்போதே இன்னொருவரும் நுழைவார். மழை நாளில்தான் சிதைந்த அளவு அதிகம். அதனால்தான் மழையோடு வந்த வியாதி.

இதில் நான் சொக்கிப்போன இடம் வேறு. அடுத்தவர் போட்ட பூட்டைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை, சாதாரண மியூட்டெக்ஸைப் பொறுத்தவரை, போசிக்ஸ் தரம் வரையறுக்கவே இல்லை. லினக்ஸ் சத்தமில்லாமல் திறந்து கொடுத்துவிடும். ஃப்ரீபிஎஸ்டி ‘உனக்கு உரிமையில்லை’ என்று பிழை எண்ணைத் திருப்பித் தரும். அதைப் பார்க்கிறோமா இல்லையா என்பது நம் பாடு. ஓப்பன்பிஎஸ்டி அந்த இடத்திலேயே புரோகிராமை முடித்துவிடும். வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் போனால் அதே மண், அதே பேச்சு, ஆனால் பெட்ரோல் விலை வேறு, வண்டி நம்பர் பலகை வேறு. காரைக்கால்காரனுக்கு இது புதிதா என்ன? ஒரே சி கோட், ஊருக்கு ஊர் வேறு சட்டம்.

இத்தனை கறாரான ஓப்பன்பிஎஸ்டி, கெர்னல் பார்த்துக்கொள்ளும் த்ரெட்டுக்கு மாறியதே 2012 நவம்பரில் வந்த 5.2 பதிப்பில்தான். அதுவரை எல்லாம் ஒரே பிராசஸுக்குள் லைப்ரரி மட்டத்தில் நடந்த ஏற்பாடு. தாமதமாக வந்தாலும் என்ன அழகாக வந்திருக்கிறார்கள்!

தவறு தெரிந்ததும் லினக்ஸுக்கே திரும்பி, த்ரெட்சானிடைசரைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தோம். வேகம் ஐந்து முதல் பதினைந்து மடங்குவரை குறையும், குறையட்டும். எந்த வரியில் எழுதினாய், எந்த வரியில் படித்தாய், அந்த த்ரெட்டை எங்கே உருவாக்கினாய் என்று சாட்சியோடு சொல்கிறது. எது எதற்கு முன் நடந்தது என்று லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் எழுதிய யோசனைதான் இதற்கு அடித்தளம். எங்கள் இரட்டைத் திறப்பையும் அது கையோடு பிடித்துக் காட்டியது. இந்தக் கருவி இலவசம் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

அடுத்து ஆல்பைன் லினக்ஸ். அங்கே வேறு மாதிரி விழுந்தது. த்ரெட்டுக்குள் 256 கேபி அளவுக்கு ஒரு பஃபர் வைத்திருந்தேன். வழக்கமான லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக் பொதுவாக 8 எம்பி, தாராளம். ஆல்பைனின் மசல் லைப்ரரி தருவது 128 கேபிதான். வேண்டிய அளவை நாமே கேட்டு வாங்க ஒரு வரி சேர்த்தோம், சரியாகிவிட்டது.

மேக்கில் பெயரில்லா செமஃபோரே வேலை செய்யாது. அதை எடுத்துவிட்டுக் கண்டிஷன் வேரியபிள் வைத்தோம். கோடும் படிக்க லேசாகிவிட்டது.

இப்போது மொட்டைமாடியில் ராஸ்பெர்ரி பை முறை. இன்டெல் சிப் ஒரு கோர் எழுதியதை எழுதிய வரிசையிலேயே மற்ற கோருக்குக் காட்டும். பையில் இருக்கும் ஆர்ம் சிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. லாக் இல்லாமல் எங்காவது ஒரு கொடி ஏற்றியிருந்தால் அது இங்கே வெளுத்துவிடும். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. தம்பி குடையோடு மேலே நிற்கிறான், நான் பதிவு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறேன். முதல் தூறலுக்கு மூன்று மாடியிலிருந்தும் மூன்று வரி வந்துவிட்டது.

“அண்ணே, நல்லா அடிக்குது! வருதா?”

“வருதுடா, விடாம வருது!”