தலைவரின் வீட்டுக்காரர்

எங்கள் ஆலங்குடிப் பக்கம் “தலைவர் இருக்காரா?” என்று வாசலில் குரல் கொடுத்தால், பெண் தலைவராக இருக்கும் ஊரிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் ஆண்தான் எழுந்து வருவார். அதனால் ‘தலைவெட்டியான் பாளையம்’ தொடரில் எனக்குப் புதிது எதுவுமில்லை. ஆனாலும் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா சிரிக்கவில்லை. 2011 முதல் 2016 வரை ஊராட்சித் தலைவராக இருந்தவர் அவர்.

2020இல் வந்த ‘பஞ்சாயத்து’ என்ற இந்தித் தொடரை நாகா தமிழில் எடுத்து, 2024 செப்டம்பரில் அமேசான் பிரைமில் 8 அத்தியாயங்களாக வெளியானது. திருநெல்வேலிப் பக்கக் குக்கிராமத்துக்கு நகரத்து இளைஞன் ஊராட்சிச் செயலராகப் போகிறான். அங்கே தலைவர் மீனாட்சி தேவி. ஆட்சி நடத்துவதோ கணவர் மீனாட்சி சுந்தரம். தேவதர்ஷினியும் சேத்தனும் நன்றாக நடித்திருக்கிறார்கள். சிக்கலே அதுதான். கணவர் வில்லன் இல்லை, பிரியமான மனிதர். அவர்மேல் கோபமே வருவதில்லை. மனைவியும் ஏதோ விருப்பப்பட்டு ஒதுங்கியிருப்பதுபோலத் தோன்றுகிறது.

இந்தியின் முதல் பருவம் முடியும் இடத்தைப் பாருங்கள். தலைவர்தான் கொடியேற்ற வேண்டும் என்று கலெக்டர் சொல்ல, நீனா குப்தாவின் மஞ்சு தேவி தேசிய கீதம் பழகுகிறார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் பெண்ணின் அதிகாரத்தைக் கொடிக்கம்பத்தில் ஏன் தேட வேண்டும்? செக்புக் யாரிடம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கோடையில் குடிநீர் மோட்டார் எரிந்துபோனது. துணைத்தலைவர் கையெழுத்துப் போடவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு பெரியம்மா வாசலில் வந்து நின்றார்கள். பெரியப்பா போய்ப் பேசிய மறுநாள் கையெழுத்து வந்துவிட்டது. “அன்னையிலேருந்து நானே அவரை அனுப்ப ஆரம்பிச்சேன் புள்ள. தண்ணி வரணும்ல?” என்றார் பெரியம்மா.

தொடர் தவறவிட்டது இதைத்தான். அவர் ஒதுங்கவில்லை. நடந்து பார்த்து, வழி அடைபட்ட பிறகுதான் வீட்டுக்காரரை முன்னே விட்டார். விட்டுக்கொடுக்காமல் நடந்தவர்களும் உண்டு. தொடர் நடக்கும் அதே திருநெல்வேலி மாவட்டத்தில், தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த தலித் பெண் கிருஷ்ணவேணியை 2011இல் வெட்டினார்கள். அவர் உயிர் பிழைத்தார்.

இதையெல்லாம் வைத்துச் சிரிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்கியது. சேலை சக்கரத்தில் சிக்கி, கண்மாய்க் கரையில் உருண்டு, ஆண்கள் வேடிக்கை பார்க்க மறுபடி ஏறிய கதைகளைப் பெரியம்மா சொன்னால் வயிறு வலிக்கும். அந்தக் கதைகளில் முதலில் சிரிப்பவர் விழுந்தவர்தான். அந்தச் சைக்கிளில்தான் பின்னாளில் யூனியன் ஆபீசுக்குப் போய்வந்தார். மீனாட்சி தேவிக்கு அப்படி ஒரு பழைய கதை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

தொடர் முடிந்ததும் பெரியம்மா ஒன்றுதான் சொன்னார்: “அடுத்தது வந்தா எனக்குச் சொல்லு. அந்தப் பொண்ணு செக்புக்கைக் கேக்குதான்னு பாக்கணும்.”